அன்பழகனின் முறை

நான் அரியாங்குப்பத்துக்காரி. பாலம் தாண்டி தினமும் பஸ்ஸில் வந்து மாவடிப்பேட்டையில் தையல் கடை திறக்கிறவள். அந்த ஊர் வழக்கு எனக்கெதற்கு என்று மிஷினை மிதித்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆண்டவர் இந்த அந்தோணிமேரிக்கு வாயைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார். போதாததற்கு, வார நாளெல்லாம் பார்வதி என் கடையில்தான் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறானால் அவள் புருஷன் அன்பழகன் பக்கத்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் இருக்கிறவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

பக்கத்துக் கடை கமலக்கண்ணனுடைய சலூன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தகரக் கூரை, இரண்டுக்கும் ஒரே வீட்டுக்காரர். சலூன் வாசலில் ஒரு மர பெஞ்சு உண்டு. முடி வெட்ட வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்பழகனும் வந்து உட்காருவார். அவருக்கு முன்னால் வந்தவர்கள் உள்ளே போவார்கள். பின்னால் வந்தவர்களும் போவார்கள். அவரை மட்டும் கமலக்கண்ணன் கூப்பிட மாட்டான். மத்தியானம் ஷட்டர் இறங்கியதும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்த ஞாயிறு மறுபடி வருவார். நான் அங்கே கடை போட்ட நாளிலிருந்து வருஷக்கணக்காக இதுதான் நடந்தது.

அவர் காலனிக்காரர். காரணம் அவ்வளவுதான்.

மாவடிப்பேட்டையை ஊர் என்று சொன்னால் புதுச்சேரிக்காரர்களே சிரிப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறி, பையை மடியில் வைப்பதற்குள் இறங்கிவிடலாம். நாலு மாடி அபார்ட்மெண்ட் வந்துவிட்டது. சனி ஞாயிறு ஆனால் கடல் பார்க்க வருகிற பெங்களூர்க் கார்கள் எங்கள் வாசல் வரைக்கும் நிற்கும். இத்தனைக்கும் உள்ளே போய்ப் பார்த்தால் ஊர்த்தெரு தனி, காலனி தனி. இரண்டுக்கும் நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்கு ஆப்பரேட்டர் அன்பழகன்தான். விடியற்காலையில் ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், ரோட்டோரக் குழிக்குள் இருக்கும் வால்வைத் திருகுவார். முதலில் ஊர்த்தெரு, பிறகு அபார்ட்மெண்ட், கடைசியாகக் காலனி.

அவர் திறந்த தண்ணீரில் ஊர்த்தெரு சோறு பொங்கும். அவர் பெண்டாட்டி ஊக்கு வைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகும். அதிலெல்லாம் ஒன்றும் ஒட்டிக்கொள்ளாது. சலூன் நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

நான் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடித்து நேராகக் கடைக்கு வந்துவிடுவேன். சாமி மன்னிக்கும், முகூர்த்த ரவிக்கைக்காரி மன்னிக்க மாட்டாள். அப்படி ஒரு ஞாயிறு, பெஞ்சில் அவர் தனியாக இருந்தபோது வாசலில் நின்று கேட்டே விட்டேன்.

"இன்னாண்ணே, டவுன்ல தடுக்கி விழுந்தா சலூனு. ஏசி போட்டு, தலைய அமுக்கி வுட்டு அனுப்புறான். நீ எந்தத் தெருன்னு எவனும் கேக்க மாட்டான். அங்க போயி வெட்டிக்கினா இன்னா?"

"கேக்க மாட்டான்தான். எங்க ஆளுங்க எல்லாம் அங்கதான் போறாங்க. அதுவே இங்க இருக்கறவங்களுக்கு வசதியாப் பூடுச்சு மேரி. நான் இந்த ஊர்ல பொறந்தவன். எங்கப்பா இந்த ஊர்ல செத்தாரு. ஊர்ல இருக்குற கடையில உக்கார முடியலன்னா, நான் எந்த ஊர்க்காரன்?"

"அப்ப கேஸு போடுங்க. சட்டம் இருக்குதில்ல."

"யாரு மேல போடறது? கமலக்கண்ணன் மேலதான? உள்ள போறது அவன். வெட்டக்கூடாதுன்னு சொன்னவரு வெள்ள வேட்டிய மடிச்சுக் கட்டிகினு வெளிய நிப்பாரு. அவனும் நம்மளாட்டம் கைய வெச்சுப் பொழைக்கறவன். அவனக் கொண்டுபோயி ஜெயில்ல வெச்சுட்டு நான் யாருகிட்ட முடி வெட்டிக்கறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சொன்னவர் என்று அவர் குறிப்பிட்டது வெற்றிவேலை. கடைகளின் வீட்டுக்காரர், கோயில் தர்மகர்த்தா, ஊர்த்தெருவுக்கு நாட்டாமை எல்லாம் அவர்தான். கமலக்கண்ணன் உள்ளே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

பெஞ்சில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து அன்பழகன் வேறு எங்கேயும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. தாடியை மட்டும் வீட்டில் மழித்துக்கொள்வார். முடி வளர்ந்து முதுகில் இறங்கி, பாதிக்குமேல் நரைத்தும் போயிற்று. கொண்டையாக முடிந்துகொண்டுதான் வேலைக்குப் போவார். ஊர்த்தெருவில் சாமியார் என்று பேர் வைத்தார்கள். பார்வதிக்கு அது பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வாசலில் உட்காரவைத்து, தேங்காயெண்ணெய் தடவிச் சிக்கெடுத்துச் சீவி விடுவாள். சீவுகிற நேரம் முழுக்கத் திட்டுவாள்.

"எனக்குப் பொண்ணு பொறக்கலேன்னு கொறையா இருந்துச்சு மேரிக்கா. இப்ப சட போட்டு அனுப்ப ஒரு ஆளு ஆச்சு" என்பாள் என்னிடம்.

"நீயும் ஒரு நாளு வந்து பாரேன், உன் வீட்டுக்காரரு எப்பிடி உக்காந்திருக்காருன்னு."

"நான் எதுக்கு? நாலு பேரு பாக்க அவரு அங்க நாயாட்டம் காத்துகினு இருக்கறதப் பாக்கவா? எனக்கு ஆவாதுக்கா."

அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கடைக்கு வரமாட்டாள். ஊக்கு வைக்க வேண்டியதை நானே அவள் வீட்டில் கொடுத்து வாங்கி வருவேன்.

அப்படித்தான் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் போயிருந்தேன். காலனித் தெருவில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால் வீட்டுக்குள் சண்டை. பார்வதியின் தம்பி வெற்றிச்செல்வன் வந்திருந்தான். சேதராப்பட்டில் கம்பெனி வேலை, ஷிப்ட் முடிந்த யூனிபார்மோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கருவாட்டுக் குழம்பு வாசனை வாசல் வரை வந்தது.

"ஒரு வாரம் மாமா. ஒரே ஒரு வாரம். ஊர்த்தெரு வால்வ மூடு. மோட்டாரு ரிப்பேருன்னு சொல்லு. நாலாம் நாளு அந்தச் சேரத் தூக்கிகினு இங்க வந்து வெட்டி வுடுவானுங்க" என்றான் வெற்றிச்செல்வன்.

"அந்தத் தெருவுல பச்சப் புள்ளகாரி இல்லியா? படுத்த படுக்கையா கெழங்கட்ட இல்லியா? நாட்டாம வீட்ல போர் இருக்குது, அவருக்கு ஒண்ணும் ஆவாது. கஷ்டப்படறது அதுங்கதான்."

"அவங்க உன்னப் பத்தி நெனச்சாங்களா?"

"நெனைக்கலடா. அதுக்காவ நான் நெனைக்காம இருக்கணுமா? தண்ணிய மூடி அவன் கூப்ட்டா அது பயத்துல கூப்பிடறது. தண்ணி வந்ததும் பயம் பூடும். அப்பறம் மறுபடி பெஞ்சுதான்."

"இப்ப மட்டும் இன்னா வாழுது?" என்று அடுப்படியிலிருந்து பார்வதி கேட்டாள். "அடிச்சா வாங்கிகினு வர்றது, கூப்புடலன்னா உக்காந்துகினு இருக்கறது. உங்க மாமா காந்திக்குத் தம்பிடா. உன் சோத்தத் தின்னு."

அன்பழகன் சிரிக்கப் பார்த்தார். வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். தண்ணீரும் இறங்கவில்லை, மூக்கு வழியாக வந்தது. மீன் முள்ளாக இருக்கும் என்றான் வெற்றிச்செல்வன். கருவாட்டில் அவ்வளவு பெரிய முள் ஏது? பார்வதி அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். இது புதிதில்லை, கொஞ்ச நாளாகவே இருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதித்து, தொண்டையில் இருப்பது முள் இல்லை, கட்டி என்றார்கள். முற்றின கட்டி. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், எவ்வளவு தூரம் கேட்கும் என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. பாவம், அந்தப் பெண் நல்ல மாதிரிதான் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பார்வதி கடைக்கு வந்து ஊசியில் நூல் கோத்தாள். கோக்க வரவில்லை. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். நாலு ஊக்கு வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மருந்து ஏத்தினா முடியெல்லாம் கொட்டிடுமாம் மேரிக்கா."

"உசுரு பொழச்சா போதும்டி. முடி வளரும்."

"வளர்றதுக்கு அவரு இருக்கணும். இத்தன வருஷம் அதுக்காவதான் உக்காந்தாரு. அந்தச் சேர்ல ஒரு வாட்டி உக்காரணும், அவ்ளோதான் அவரு கேட்டது. பங்களாவா கேட்டாரு? அடுத்த திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. நடுவுல ஒரே ஞாயித்துக்கெழமதான் இருக்குது. அதுக்கப்பறம் வெட்ட முடியே இருக்காது. வெறும் மண்டையோட போய்ச் சேந்துடுவாரு. நான் எத்தன வாட்டி அவரத் திட்டியிருக்கேன் தெரியுமா? எண்ண தேச்சுகினே திட்டியிருக்கேன்."

ரவிக்கையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாருடைய ரவிக்கையோ, பட்டு, நனைந்து போயிற்று. நனையட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது நாள் சாயங்காலம், கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மழை விட்டு வெயில் அடித்தது. பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தால் அன்பழகன் ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார். பார்வதி அன்றைக்கு எண்ணெய் கூடுதலாக வைத்திருந்தாள், நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் துவைத்த சட்டை போட்டு ஜம்மென்றுதான் இருந்தார். பெஞ்சில் ஊர்த்தெரு ஆட்கள் இரண்டு பேர். கமலக்கண்ணன் ஒருவருக்குச் சவரம் முடித்து அனுப்பினான். துண்டை உதறினான். வாசலுக்கு வந்தான்.

"அண்ணே, வாங்க" என்றான்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். அவர்களைச் சொல்லவில்லை என்று தெரிந்து மறுபடி உட்கார்ந்தார்கள். அன்பழகன் எழுந்திருக்கவில்லை. தன்னைத்தானா என்று கையை நெஞ்சில் வைத்துக் கேட்டார். கமலக்கண்ணன் தலையாட்டினான்.

நான் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். அவர் செருப்பை வெளியே விட்டார். சலூனுக்குள் யாரும் செருப்பை விட்டுவிட்டுப் போவதில்லை, அவர் விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடியிலும் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கமலக்கண்ணன் வெள்ளைத் துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினான். கொண்டையை அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, சீப்பால் வாரினான். வலது பக்கத்தில் காதோரமாகப் பிடித்துக் கத்தரியைப் போட்டான். ஒரு முழ முடி துணியில் சரிந்து தரையில் விழுந்தது. அன்பழகன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் இப்போதும் அப்படியே சொல்ல முடியும். தூங்கப் போகிற குழந்தை முகம்.

வலது பக்கம் முழுதும் ஆயிற்று. கமலக்கண்ணனுக்கு மூக்கு அடைத்துக்கொண்டு வந்தது. நல்லவன்தான், வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் நல்லவனாக இருந்திருப்பான்.

"என்ன மன்னிச்சுக்கண்ணே. எனக்கு எப்பவோ கூப்பிடணும்னுதான். கடைய காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு பயம். அக்கா மட்டும் போயி கேக்கலன்னா இன்னைக்கும் தைரியம் வந்திருக்காது."

அன்பழகன் கண்ணைத் திறந்தார்.

"எந்த அக்கா?"

"பார்வதி அக்காதான். நாட்டாம வீட்டு வாசல்ல போயி விழுந்து அழுதுச்சாம். ஐயா போன் பண்ணாரு. பாவம், சாவப்போறவன், ஒரு வாட்டி வெட்டி வுட்டுடுன்னாரு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கத்தரி நின்றது.

"இன்னும் இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லண்ணே."

"சொல்லு தம்பி."

"இத வெச்சுகினு வேற எவனும் வரக்கூடாதுன்னு சொன்னாரு."

"நாளைக்கு என் மச்சான் வந்து உக்காந்தா வெட்டுவியா?"

கமலக்கண்ணன் கத்தரியைத் துண்டில் துடைத்தான். ரேடியோவில் யாரோ பல்பொடி விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்பழகன் கையைப் பின்னால் கொண்டுபோய், கழுத்தில் கட்டியிருந்த முடிச்சைத் தானே அவிழ்த்தார். துணியை உதறி, நாலாக மடித்து, நாற்காலிக் கையில் வைத்தார்.

"போதும் தம்பி. உன் மேல தப்பில்ல" என்றார்.

"அண்ணே, பாதியில எழுந்துக்காதண்ணே. இந்தப் பக்கத்த மட்டும் முடிச்சுடறேன். எப்பிடிண்ணே ரோட்ல போவ?"

"ரோட்ல போவலியே. இன்னும் மத்தியானம் ஆவலியே" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில், தான் எப்போதும் உட்காருகிற ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஒட்ட வெட்டின தலை, மறுபக்கம் தோளுக்குக் கீழே தொங்குகிற முடி. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் என் கடையிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், தலையில் கட்டவில்லை. ஷட்டர் இறங்கும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனார்.

வீட்டில் என்ன நடந்தது என்று பார்வதி மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். உள்ளே அவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"வாசல்ல நின்னேன் மேரிக்கா, எப்பிடி வர்றாருன்னு பாக்கலாம்னு. கேசரி கெளறி வெச்சிருந்தேன், அது ஒண்ணுதான் வழுக்கிகினு எறங்கும்னு. தலையப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திட்டுவாருன்னு நின்னேன். ஒரு வார்த்த திட்டல. கஞ்சி குடுன்னாரு. அந்தப் பக்கத்தயாவது நான் வெட்டி வுடறேன்னு கத்திரிய எடுத்தேன். இருக்கட்டும் பார்வதின்னாரு."

"வேற ஒண்ணுமே சொல்லலியா?"

"படுக்கும்போது சொன்னாரு. நீ எனக்காவ கேட்ட. நான் எனக்காவ கேக்கல பார்வதின்னாரு. அவ்ளோதான். அப்பறம் என் கையப் புடிச்சுகினுதான் தூங்கனாரு. கைய ஒதறி வுட்டிருந்தாகூட எனக்கு ஆறியிருக்கும்."

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இந்தத் தலையைப் பார்த்து என்னென்னவோ நினைத்துக்கொண்டார்கள். மருந்து அதற்கும் வழி பண்ணியது. முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் வந்தது. பார்வதி தினமும் பொறுக்கி எடுப்பாள். கார்த்திகை முடிவதற்குள் வெட்டின பக்கம், வெட்டாத பக்கம் என்று ஒன்றும் இல்லை.

அப்போதும் அவர் வந்தார். மருந்துக்கும் மருந்துக்கும் நடுவில் எழுந்து நடக்க முடிகிற ஞாயிறுகளில் மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கமலக்கண்ணன் வாசல் பக்கம் திரும்பாமலே வேலை செய்தான். எனக்குத் தாங்கவில்லை.

"முடியே இல்லியேண்ணே. இன்னும் எதுக்கு வந்து குளிர்ல உக்காந்திருக்க?" என்றேன். அன்றைக்கு மரியாதைகூட மறந்துபோயிற்று.

குரல் போயிருந்தது அவருக்கு. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"முடிக்கா வந்தேன் மேரி?" என்றார்.

விடியற்காலையில் வால்வு திறக்கிற வேலையைப் பார்வதி செய்தாள். அவர் சாவியைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார், திருகுவது அவள். மார்கழிப் பனியில் இரண்டு பேரும் அப்படி நிற்பதை நான் முதல் பஸ்ஸில் வந்த ஒரு நாள் பார்த்தேன். தை பிறந்தும் அவர் பொங்கலைச் சாப்பிடவில்லை. மாசியில் ஒரு புதன்கிழமை விடியும்போது போய்விட்டார்.

போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கிடத்தியிருந்தார்கள். காலனி முழுக்கக் கூடியிருந்தது. வெற்றிச்செல்வன் இரும்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அழுது சிவந்த கண்ணோடு நின்றான்.

"இன்னைக்கு ஊர்த்தெருவுக்குத் தண்ணி கெடையாது. எங்க மாமா போன அன்னைக்கு அவனுங்க நாக்கு வறளட்டும்" என்றான்.

சரியென்றுதான் எல்லாரும் நின்றார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரு நாள் அவர்கள் குடம் காலியாகக் கிடந்தால் குடியா முழுகிவிடும்? பார்வதி தலைமாட்டிலிருந்து எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. தம்பியின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"குடுடா."

"அக்கா, நீ சும்மா இரு."

"நேரமாச்சு, குடு. அவரு இருந்த வரைக்கும் ஒரு நாளு தவறல. அவரு பேரச் சொல்லி ஒரு வீட்ல தண்ணி இல்லாம ஒல காயக்கூடாது. நான் ஏற்கெனவே ஒண்ணு கெடுத்துட்டேன். இதையும் கெடுக்க வுட மாட்டேன்."

அவன் கொடுத்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அவள் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். குழியில் சாவியை இறக்கித் திருகினாள். ஊர்த்தெருக் குழாய்களில் காற்று வந்து, பிறகு தண்ணீர் வந்தது. வாசலில் குடத்தோடு நின்ற பெண்கள் தலைவிரிகோலமாக நின்ற அவளைப் பார்த்து, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார்கள். ஒருத்தி மட்டும் "அய்யோ, அன்பழகனா?" என்றாள். பார்வதி ஆமாம் என்று தலையாட்டினாள். அபார்ட்மெண்ட், காலனி எல்லாவற்றையும் திறந்துவிட்டு வந்த பிறகுதான் அவர் மேல் விழுந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை என் பிறவியில் நான் கேட்டதில்லை.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு காலையில், பூசையிலிருந்து நான் வந்தபோது என் கடை வாசலில் பார்வதி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை, வெளிறின புடவை.

"மேரிக்கா, நாட்டாம வீட்டு வரைக்கும் கூட வர்றியா? தனியாப் போனா பேச்சு வருமோ வராதோ" என்றாள்.

கடையைத் திறக்காமலே போனேன். வெற்றிவேல் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாம்மா. கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன். தண்ணி விஷயத்துல ஒரு கொற சொல்ல முடியாது."

"ஐயா, அன்னைக்கு உங்க வாசல்ல விழுந்து ஒண்ணு கேட்டேன்."

"ஆமா. நானும் சொல்லிவுட்டேனே. அவன்தான் பாதியில எழுந்து பூட்டானாம். நான் இன்னா பண்ணட்டும்?"

"உங்கள ஒண்ணும் சொல்ல வரலீங்க. அத நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டத திரும்ப எடுத்துக்க வந்தேன்."

"இன்னாம்மா பேசற? கேட்டத எப்பிடித் திரும்ப எடுக்கறது? அதான் அவனே பூட்டானே."

"அவரு போனதாலதாங்க. உசுரோட இருக்கும்போது எடுத்திருக்கணும். அவரு கேட்டாரு, இந்த ஊரு குடுக்கலன்னு இருக்கட்டும். பொண்டாட்டி பிச்ச கேட்டா, குடுத்தாங்கன்னு இருக்க வேணாம்."

வெற்றிவேல் என்னைப் பார்த்தார், இந்தப் பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்கிற மாதிரி. என் கடையின் சொந்தக்காரர் அவர், வாயை அடக்க வேண்டிய இடம்தான். "அவ சரியாத்தான் பேசறா" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்தார். பார்வதி கும்பிடவில்லை. திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். நேராக சலூனுக்கு வந்தாள். பெஞ்சில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை வந்து நிற்பதைப் பார்த்துத் தன்னாலே தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் அந்த ஓரத்தில், புருஷன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். கமலக்கண்ணன் கத்தரியோடு வெளியே வந்தான்.

"இன்னாக்கா? இன்னா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. அவரு மொற இன்னும் வரல. வரட்டும், இருக்கேன்."

அவன் உள்ளே போய், பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டான். பிறகு இன்னொருவரை. புதிதாக வந்தவர்களையும் கூப்பிட்டான். யாருக்கோ காதோரம் கீறிவிட்டது, திட்டு வாங்கினான். வெயில் ஏறி, தகரம் காய்ந்து, பெஞ்சு சுட ஆரம்பித்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்வதி குடித்துவிட்டு, பெஞ்சுப் பலகையைக் கையால் தடவினாள். அந்த ஓரம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"இங்க வெயிலு மூஞ்சிக்கு நேரா அடிக்குது மேரிக்கா. எப்பவும் இப்பிடித்தானா?"

"ஆமா. பத்து மணிக்கு மேல அப்பிடித்தான்."

"சொன்னதே இல்ல" என்றாள். "நாயாட்டம் உக்காந்திருப்பாருன்னு நெனச்சேன். நல்லாத்தான் உக்காந்திருந்திருக்காரு. இத்தன வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நானும் பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாம் இல்ல?"

கடையைத் திறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம் ஷட்டர் இறங்கியதும் அவள் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன் தம்பி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.